எவ்வளவு ஆழம் வெட்டலாம்?

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணி, பட்டுச் சேலைக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே நெசவாளர் வீடொன்றில் நுழைந்து தறியின் மேற்புறம் பார்த்தால், ஒரு பெட்டியும், அதன் பக்கத்தில் வரிசையாகக் கோத்துத் தொங்கவிட்ட துளை அட்டைகளும் தெரியும். அதுதான் ஜக்கார்டு. நெசவாளர் மிதியை அழுத்தும்போதெல்லாம் ஓர் அட்டை முன்வந்து நிற்கிறது. அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழைகிறது; அதனோடு இணைந்த கொக்கி மேலெழுந்து பாவு இழையைத் தூக்குகிறது. துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. இழை கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. சேலையின் முந்தானையில் மயிலும் மாங்காயும் தோன்றுவது, 'துளை உண்டு', 'துளை இல்லை' என்ற இரண்டே கட்டளைகளால்தான்.

இந்தப் பொறியை பிரான்சு நாட்டின் லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் உருவாக்கினார். ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 1952-இல், அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், துளையிட்ட நாடாவைப் படித்து உலோகத்தை வெட்டும் பொறி ஒன்றை இயக்கிக் காட்டினர். எண்களால் இயங்கும் பொறிகளுக்கு அதுவே முன்னோடி. இன்று கணிப்பொறியின் கட்டளைப்படி மரத்தையும் பிளாஸ்டிக்கையும் மெல்லிய அலுமினியத்தையும் செதுக்கும் சிறு சி.என்.சி. ரூட்டர்கள், வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொள்ளும் அளவிலேயே கிடைக்கின்றன. ஒரு மேசை, அதன் மேல் இடம் வலமாகவும், முன்னும் பின்னும், மேலும் கீழுமாகவும் நகரும் ஒரு தலை, அந்தத் தலையில் ஸ்பிண்டில் எனப்படும் சுழல்தண்டு, அதன் நுனியில் பிட் எனப்படும் வெட்டும் முனை. அவ்வளவுதான் பொறி. ஜக்கார்டுக்கு அட்டை குத்தத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு இதன் அடிப்படை புரிய ஒரு மாலைப்பொழுது போதும்.

ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஜக்கார்டு கொக்கி தூக்குவது இழையை. இழை எதிர்த்து நிற்பதில்லை. ரூட்டரின் பிட்டோ மரத்தோடு மல்லுக்கு நிற்கிறது. 'எங்கே வெட்டு' என்று எண்கள் சொல்லிவிடும். 'ஒரே நடையில் எவ்வளவு ஆழம் வெட்டலாம்' என்பதை எந்த எண்ணும் தானாகச் சொல்லாது. அதை ஒவ்வொருவரும் தத்தம் பொறியில் சோதித்தே அறிய வேண்டும்.

இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அன்று. ஜக்கார்டு பெட்டியிலிருந்து இறங்கும் நூல்கள் ஒவ்வொன்றும் தனித்தனித் துளை வழியே செல்லும்படி தறியில் ஒரு பலகை உண்டு. நூற்றுக்கணக்கான துளைகள் கொண்ட அந்தப் பலகையையோ, பட்டு இழை தொட்டுச் செல்லும் வேறொரு மரப்பாகத்தையோ உங்கள் ரூட்டரில் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆழமாக வெட்டி விரைவில் முடிக்கலாம் என்று பார்த்தால் ஓரங்களில் சிலாம்பு எழும்பும். அந்தச் சிலாம்பில் பட்டு சிக்கினால் இழை அறும். மிக மெதுவாக, மேலோட்டமாகவே வெட்டினாலோ ஒரு பலகைக்கு அரைநாள் ஆகும். பொறி வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட முடியாது. 18 மி.மீ. கனமுள்ள பலகையை 3 மி.மீ. ஆழத்தில் வெட்டினால் 6 நடை, 1.5 மி.மீ. என்றால் 12 நடை. ஆகவே ஆழத்தை ஊகத்துக்கு விட முடியாது.

விளம்பரத்தில் உள்ள வாட்

பொறி வாங்கச் செல்பவர் முதலில் பார்ப்பது ஸ்பிண்டிலின் வாட் எண்ணைத்தான். 500 வாட், 800 வாட், 2.2 கிலோவாட் என்று பட்டியல் நீளும். வாட் மிகுந்தால் ஆழமும் மிகும் என்று எல்லோரும் எண்ணுகிறோம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

6 மி.மீ. விட்டமுள்ள பிட், 3 மி.மீ. ஆழத்தில், வினாடிக்கு 20 மி.மீ. வேகத்தில் நகர்ந்து ஒரு பள்ளம் தோண்டுகிறது. வினாடிக்கு நீங்கும் மரம் 6 × 3 × 20, அதாவது 360 கன மி.மீ. ஒரு கன மி.மீ. மரத்தைச் சீவ எவ்வளவு ஆற்றல் வேண்டும்? மரத்துக்கு மரம், சீவலின் கனத்துக்குக் கனம் இது மாறும். மெல்லிய சீவலுக்குச் செலவு கூடும். கணக்குக்கு 0.1 ஜூல் என்று சற்றுத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்படியானால் தேவைப்படும் திறன் 36 வாட். ஆம், 36 வாட்தான்! 800 வாட் ஸ்பிண்டிலுக்கு இது யானைக்குச் சோளப்பொரி.

அலுமினியம் மரத்தைவிடப் பல மடங்கு பிடிவாதமானது. ஒரு கன மி.மீ.க்கு ஏறக்குறைய 0.7 ஜூல் வேண்டும். ஆயினும் சிறு பொறிகளில் அதை 1 மி.மீ.க்கும் குறைவான ஆழத்தில் மெதுவாகத்தான் வெட்டுவோம். அங்கும் கணக்கு சில பத்து வாட்டைத் தாண்டாது.

வாட் எண்ணைப் படிப்பதில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. அந்த எண் எந்த வேகத்துக்கு உரியது என்று கேட்க வேண்டும். நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்சு. இரு துருவ மோட்டார் அதில் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் சுழலாது. அதனால் இவ்வகை ஸ்பிண்டிலுக்கு அதிர்வெண் மாற்றி என்னும் கருவி வழியே 400 ஹெர்ட்சு மின்சாரம் தந்து 24,000 சுற்று வரை ஏற்றுகிறார்கள். பெயர்ப்பலகையில் உள்ள 800 வாட் அந்த 24,000 சுற்றுக்கே பொருந்தும். அப்போது தண்டு தரும் முறுக்கு விசை 0.32 நியூட்டன் மீட்டர். வேகத்தை 12,000-ஆகக் குறைத்தால் முறுக்கு விசை ஏறக்குறைய அப்படியே இருக்கும், திறனோ பாதியாகிவிடும். மேலும், சில மோட்டார்களில் எழுதியிருப்பது மின்சாரத்திலிருந்து அது வாங்கும் வாட்; தண்டில் அது கொடுக்கும் வாட் அன்று. வாங்குவதெல்லாம் வேலையாகத் திரும்புவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகவும் காற்றாடி விசிறலாகவும் போய்விடும்.

போகட்டும். பாதியே கிடைத்தாலும் 36 வாட்டுக்கு அது தாராளம். பிறகு ஏன் 3 மி.மீ. ஆழத்திலேயே சில பொறிகள் கதறுகின்றன?

ஆடும் தறி

இதற்கு விடை நெசவாளருக்குத் தெரியும். குழித்தறியின் கால்களை ஏன் தரையில் ஊன்றி நிறுத்துகிறோம்? அச்சுப்பலகையால் ஊடையைத் தட்டும்போது தறி அசையாமல் இருக்கத்தான். தறி ஆடினால் எவ்வளவு வலுவாகத் தட்டினாலும் துணி ஒரே சீராக அமையாது. தட்டின் வலு துணிக்குச் செல்லாமல் கட்டைகளை ஆட்டுவதிலேயே கழியும். ரூட்டரிலும் இதே கதைதான். மரம் பிட்டைத் திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலுக்குப் பிட் வளைகிறது, ஸ்பிண்டிலின் பிடி அசைகிறது, பாலம் முறுக்கிக்கொள்கிறது, மேசையும் சற்று இணங்குகிறது.

முன் சொன்ன கணக்கில், 18,000 சுற்றில் சுழலும் 6 மி.மீ. பிட்டின் விளிம்பு வினாடிக்கு 5.65 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 36 வாட்டை இதனால் வகுத்தால் சராசரி விசை 6 நியூட்டனுக்குச் சற்று மேல். அதாவது அரைக் கிலோவைத் தூக்கும் விசையைவிட ஒரு பங்கு கூடுதல். பெரிதல்லவே என்று தோன்றும். ஆனால் இரண்டு பற்கள் உள்ள அந்தப் பிட், வினாடிக்கு 600 தடவை மரத்தைக் கடிக்கிறது. ஒவ்வொரு கடியிலும் விசை ஏறி இறங்குகிறது. கணுவோ குறுக்கு ரேகையோ எதிர்ப்பட்டால் துள்ளுகிறது.

இனி சீவலின் கனத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு 1,200 மி.மீ. நகரும் பிட், அதே நிமிடத்தில் 36,000 தடவை கடிக்கிறது. ஆகவே ஒரு கடிக்கு 0.033 மி.மீ. தலைமயிரின் கனம்கூட இல்லை. பொறியின் உடல் 0.1 மி.மீ. ஆடுமானால், அந்த ஆட்டம் சீவலின் கனத்தைப் போல் மூன்று மடங்கு. விசை ஒரே சீராக இருந்திருந்தால் பாதகமில்லை. பள்ளம் ஒரு பக்கம் சற்றே நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். சீராக இல்லாததால் ஒரு பல் மரத்தை எட்டாமல் உரசிப் போகிறது. அடுத்த பல் இருவர் பங்கையும் சேர்த்துக் கடிக்கிறது. இப்படி மாறி மாறி நிகழ்வதே காதைத் துளைக்கும் அந்த அலறல். சுவரில் வரிவரியாகத் தெரியும் அலைகளும் அதன் விளைவே.

உங்கள் பொறியின் உறுதியை அளக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டா. பள்ளிக்கூடத்தில் பயன்படும் வில்தராசு ஒன்றும், இயந்திரப் பட்டறைகளில் உள்ள டயல் கேஜ் ஒன்றும் போதும். மின்சாரத்தை நிறுத்திய பின், ஸ்பிண்டிலின் நுனியில் கயிற்றைக் கட்டி, வில்தராசால் 5 கிலோ காட்டும்வரை பக்கவாட்டில் இழுங்கள். நுனி எவ்வளவு நகர்கிறது என்று டயல் கேஜ் சொல்லும். 5 கிலோ இழுப்பு ஏறக்குறைய 50 நியூட்டன். நுனி 0.5 மி.மீ. நகர்ந்தால், பொறியின் உறுதி மி.மீ.க்கு 100 நியூட்டன். முன்பின்னாகவும் இழுத்துப் பாருங்கள். இரு திசையிலும் ஒரே எண் வராது. நட்டுகளை முடுக்கிய பின் மறுபடி அளந்தால் சில பொறிகளில் எண் வியக்கத்தக்க அளவு கூடுவதைக் காணலாம். செலவில்லாத மேம்பாடு இது!

பிட்டின் கணக்கு தனி. பிடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தை இரட்டித்தால் பிட்டின் வளைவு 8 மடங்காகும். விட்டத்தைப் பாதியாக்கினால் 16 மடங்காகும். 30 மி.மீ. நீண்டிருக்கும் 6 மி.மீ. கார்பைடு பிட்டை 50 நியூட்டன் தள்ளினால் அது 0.012 மி.மீ. தான் வளையும். அதே நீளமுள்ள 3 மி.மீ. பிட்டோ 0.19 மி.மீ. வளையும். ஆகவே பிட்டைத் தேவைக்கு மேல் ஒரு மி.மீ.கூட வெளியே நீட்டாதீர்கள்.

சரிவுப் பள்ளச் சோதனை

இனி சோதனைக்கு வருவோம். கணு இல்லாத ஒரு பலகையையோ, எம்.டி.எஃப். எனப்படும் மரத்தூள் பலகையையோ மேசையில் அசையாதபடி இறுக்குங்கள். மேற்பரப்பைப் பொறியாலேயே ஒரு தடவை மெல்லச் சீவிச் சமமாக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அளக்கும் ஆழம் பலகையின் கோணலைத்தான் காட்டும். ஒரு மூலையில் அரை மி.மீ. ஆழத்துக்கு ஒரு பொட்டு வைத்து, அந்த இடத்தின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பிட்டை மேற்பரப்பில் தொடவைத்து, 240 மி.மீ. தொலைவு செல்லும்போதே 12 மி.மீ. கீழிறங்குமாறு ஒரே கட்டளை கொடுங்கள்: ஜி 1, எக்ஸ் 240, இசட் மைனஸ் 12, எஃப் 1200. பிட் சரிவில் இறங்குவதுபோல் மரத்தில் இறங்கிச் செல்லும். ஒவ்வொரு 20 மி.மீ.க்கும் ஆழம் 1 மி.மீ. கூடும். இந்த வேகத்தில் ஒரு வினாடிக்கு ஒரு மி.மீ. பன்னிரண்டு வினாடியில் சோதனை முடிந்துவிடும்.

கையை அவசர நிறுத்தப் பொத்தானின் மேல் வைத்துக்கொண்டு, காதைத் தீட்டிக் கேளுங்கள். தொடக்கத்தில் ஒரே சுருதியில் ரீங்காரம். ஓரிடத்தில் சுருதி இறங்கினால் ஸ்பிண்டில் களைக்கிறது என்று பொருள், திறன் போதவில்லை. சுருதி இறங்காமல் கரகரப்போ அலறலோ எழுந்தால், திறன் இருக்கிறது, உறுதி இல்லை. 'டக், டக்' என்ற ஒலியோடு தலை தயங்கினால், தலையை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார்கள் படி தவறுகின்றன. மூன்றும் மூன்று நோய்கள். மருந்தும் வேறு வேறு. எது முதலில் வருகிறது என்று கண்டுகொள்வதே இச்சோதனையின் பயன். உறுதியான சட்டம் இல்லாத சிறு பொறிகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான் முந்திக்கொள்ளும். 100 வாட் அளவிலான குட்டி மோட்டார் பொருத்திய பொறியிலோ முதலாவதும் கூடவே வரும்.

முடிந்ததும் அளவுகோலை வைத்துப் பாருங்கள். தொடக்கத்திலிருந்து எத்தனையாவது மி.மீ.இல் சுவர் சொரசொரப்பாகத் தொடங்கியது? அதை 20-ஆல் வகுத்தால் ஆழம் கிடைக்கும். 100-ஆவது மி.மீ.இல் என்றால் 5 மி.மீ. ஆழம். வெர்னியர் அளவியால் பள்ளத்தின் அகலத்தையும் ஆங்காங்கே அளந்து எழுதுங்கள். 6 மி.மீ. இருக்க வேண்டிய அகலம் ஓரிடத்தில் 6.2 என்று காட்டினால், பிட் அங்கே அலைந்திருக்கிறது. பிறகு ஸ்பிண்டிலை நிறுத்தி, தலையை முதலில் வைத்த பொட்டுக்குத் திரும்பச் சொல்லுங்கள். பிட் பொட்டில் சரியாக அமரவில்லை என்றால், உங்கள் காதுக்குத் தப்பிய படித்தவறல் ஒன்று நடந்திருக்கிறது. இந்தப் பொறிகள் தாம் எங்கே நிற்கிறோம் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. அனுப்பிய படிகளை எண்ணி, அங்கேயே இருப்பதாக நம்பிக்கொள்ளும்.

வாட்மானி சொல்வது

சரிவுப் பள்ளம் எல்லையைக் காட்டும். திறனை அளக்க அது ஏற்றதன்று. வாட்மானியின் எண் மாறுவதற்குள் பிட் அடுத்த ஆழத்துக்குப் போய்விடும். ஆகையால் 400 மி.மீ. நீளமுள்ள சமப் பள்ளங்களை 1, 2, 3, 4, 5 மி.மீ. ஆழங்களில் தனித்தனியே வெட்டி, ஸ்பிண்டிலுக்குச் செல்லும் மின்திறனைப் படியுங்கள். சுவரில் செருகும் சிறு வாட்மானி போதும். ஆம்பியரை மட்டும் அளந்து 230-ஆல் பெருக்குவது கூடாது. அதிர்வெண் மாற்றி உள்ள பொறிகளில் அந்தக் கணக்கு உண்மையான வாட்டைவிட மிகுதியாகக் காட்டி ஏமாற்றும்.

வெறுமனே சுழலும்போது 110 வாட் என்றும், மேற்சொன்ன ஐந்து ஆழங்களுக்கும் முறையே 122, 134, 147, 160, 190 வாட் என்றும் கிடைத்ததாக, ஓர் எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். முதல் எண்ணை மற்றவற்றிலிருந்து கழித்தால் 12, 24, 37, 50, 80. நான்கு மி.மீ. வரை ஆழத்துக்கு 12 வாட் வீதம் ஒழுங்காக ஏறியது, ஐந்தாவதில் ஒரேயடியாக 30 வாட் தாவுகிறது. தாவிய அந்த வாட் மரத்தை வெட்டவில்லை. சீவல் வெளியேற வழியின்றிப் பள்ளத்திலேயே அரைபடுகிறது. பிட்டின் பக்கம் சுவரை உரசுகிறது. எல்லாம் வெப்பம்! பீரங்கிக் குழலைக் குடையும்போது எழும் வெப்பத்தை ஆராய்ந்த ரம்ஃபோர்டு பிரபு, வேண்டுமென்றே மழுங்கிய குடைமுனையை வைத்து, குதிரைகளின் உழைப்பாலேயே இரண்டரை மணி நேரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்த செய்தியை 1798-இல் வெளியிட்டார். வெட்டாத முனைக்குக் கொடுக்கும் திறன் என்ன ஆகிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

இந்த எடுத்துக்காட்டில் அன்றாட வேலைக்கு நான் 3 மி.மீ. ஆழத்தையே தேர்ந்தெடுப்பேன். தொல்லை தொடங்கும் ஆழத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. மரத்தில் ஒரு நடைக்குப் பிட்டின் விட்டத்தில் பாதி என்று பட்டறைகளில் சொல்லும் வழக்கத்துக்கும் இது ஒத்துவருகிறது. ஆழத்தைக் குறைத்துக்கொண்டவர்கள் நகர்வேகத்தையும் சேர்த்துக் குறைத்துவிடுவது அடிக்கடி காணும் தவறு. வேகம் குறைந்தால் சீவல் மேலும் மெலியும்; பல் கடிக்காமல் உரசும்; மரம் கருகும். கருகல் கண்டால் நகர்வேகத்தைக் கூட்டுங்கள், அல்லது சுழல்வேகத்தைக் குறையுங்கள்.

உலோகம் வெட்டுவதில் இத்தகைய கேள்விகளுக்கு விடை காண அமெரிக்கப் பொறியியலார் ஃபிரெடரிக் டெய்லர் 26 ஆண்டுகள் சோதனை செய்து, 1906-இல் முடிவுகளை வெளியிட்டார். வேகம், ஆழம், நகர்வு, முனையின் வடிவம் என்று 12 காரணிகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதாக அவர் கண்டார். நமக்கு 26 ஆண்டுகள் வேண்டா; நம் பொறி ஒன்றுதானே!

ஆரணி போன்ற ஊர்களில் தறி இருக்கும் வீட்டிலேயே இப்பொறியையும் வைக்க எண்ணுவோருக்குச் சில சொற்கள். மென்மையான மரத்தூள் காற்றில் நெடுநேரம் மிதக்கும். தறியில் பூட்டிய பட்டுப் பாவின் மேல் அது படிந்தால் நீக்குவது கடினம். ஆகவே தறி உள்ள அறையில் ரூட்டர் வேண்டவே வேண்டா. மரத்தூளை நெடுங்காலம் சுவாசிப்பது புற்றுநோய்க்கு வழிவகுக்கும் என்பது நிறுவப்பட்ட செய்தி. மூக்குக்கவசமும் தூள் உறிஞ்சியும் அவசியம். உரசிக் கருகும் பிட் உதிர்க்கும் கங்கு, தூள் பையில் போய்ச் சேர்ந்து வேலை முடிந்து நெடுநேரம் கழித்தும் பற்றிக்கொள்ளும். வெட்டு முடிந்தவுடன் பையை வீட்டுக்கு வெளியே வையுங்கள். கண்ணாடி அணியாமல் பொறியருகே நிற்கக்கூடாது. 18,000 சுற்றில் முறியும் பிட் எத்திசையில் பறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. வேட்டி முனையும் அவிழ்ந்த தலைமுடியும் சுழல்தண்டின் அருகே வரலாகாது.

சோதனையில் கிடைத்த எண்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: என்ன மரம், எந்தப் பிட், எவ்வளவு நீட்டல், சுழல்வேகம், நகர்வேகம், ஆழம், வாட். தேக்குக்கு எழுதிய எண் வேம்புக்குப் பொருந்தாது. பிட்டை மாற்றினாலும் மறுபடி வெட்டிப் பார்க்க வேண்டும். அதே மரத்தில், அதே 3 மி.மீ. பள்ளத்துக்கு முதல் நாள் 147 வாட் காட்டிய வாட்மானி, ஒரு மாதம் கழித்து 165 காட்டினால் பிட் மழுங்கிவிட்டது. சேலைக்கான பலகையை அதற்குப் பிறகு அந்தப் பிட்டால் வெட்டாதீர்கள்.